இன்ஜினுக்கு முன்னால் பின்னச்சு

பழைய காரைத் தேடிப் பிடித்துச் சீர்செய்து வேகமாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை கோயமுத்தூர்ப் பிள்ளைகள் பலருக்கு வந்திருக்கிறது. அம்பாசிடரோ, பத்மினியோ, கான்டசாவோ, எங்கேயாவது ஒரு தோட்டத்துச் சாளையில் கோழி அடைந்து கிடப்பதை இழுத்து வருகிறார்கள். தகர வேலை, பெயின்ட், புது சீட் எல்லாம் ஆன பிறகு பேச்சு இன்ஜினுக்கு வந்துவிடும். எதை எடுத்துப் போடலாம், எத்தனை குதிரைசக்தி கிடைக்கும் என்பதே ராப்பகலாக யோசனை. என் கட்சி வேறு. அந்த வண்டியின் பின்னச்சைப் பார்த்து முடிக்காமல் இன்ஜினில் கை வைக்கக் கூடாது.

கார் பந்தயத்துக்கும் எனக்கும் பார்வையாளன் என்ற அளவுக்கு மேல் சம்பந்தமில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் போக்குவரத்துத் துறையில் எழுத்தராக இருந்தவன். என் மைத்துனர் சத்தி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் திறந்து வைத்திருந்த ஹவுசிங்குகளுக்குள் எட்டிப் பார்த்தே பாதி வயதைக் கழித்திருக்கிறேன்.

பள்ளியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில், புதுச்சேரியில். அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. பிரெஞ்சில் கார்களின் பின்னச்சை 'போன் அரியேர்' என்பார்கள். 'போன்' என்றால் பாலம்; நம் காதுக்குப் 'பொன்' என்று விழும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே போட்ட பாலம் என்று அவர்கள் பார்த்தது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்காமல் யாராவது லாரியை ஏற்றுவார்களா?

நம் மாட்டு வண்டியில் இருசு இருக்கிறது. இரும்பு இருசோ மர இருசோ, அது சுழலாது. சக்கரம்தான் அதன்மேல் சுழலும், கழன்று போகாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். வண்டியை இழுப்பது மாடு. அதனால் திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் தன் பாட்டுக்குச் சுழலும். யாரும் எந்த ஏற்பாடும் செய்யத் தேவையில்லை. சக்கரத்தையே திருகி வண்டியை ஓட்ட ஆரம்பித்த அன்றுதான் தொல்லை வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் மாட்டித் திருகினால் திருப்பத்தில் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டுதான் வர வேண்டும். இதற்கு ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1827-28 வாக்கில், நீராவி வண்டிக்காக, பல்சக்கரங்களைக் கோத்து ஒரு வழி கண்டார். அதுதான் நாம் டிஃபரன்ஷியல் என்று சொல்வது. பிறகு 1898-ல் லூயி ரெனோ என்ற இருபத்தொரு வயதுப் பையன், சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு நீளத் தண்டு வழியாகப் பின்னச்சுக்குச் சக்தியைக் கொடுத்து, பாரீஸில் ரூ லெப்பிக் என்ற செங்குத்தான தெருவில் ஏறிக் காட்டினார். அம்பாசிடரும் பத்மினியும் கான்டசாவும் அந்த வழிப் பிள்ளைகள்தான்.

எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் ஒரு கான்டசா வைத்திருக்கிறார். 1984-ல் அந்த வண்டி வந்தபோது அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினையே அதற்கும் கொடுத்திருந்தார்கள். ஐம்பது குதிரைசக்தி அந்த உடம்புக்குப் போதவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள். பிற்பாடு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்துதான் மானம் காத்தது. இவருடையது ஆரம்ப கால வண்டி. ஒரு நாள் சாயங்காலம் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, டர்போ டீசல் இன்ஜின் ஒண்ணு பேசி வச்சிருக்கறனுங்க. கியர்பாக்ஸோட வருதுங்க. பின்னாடி ஹவுசிங்க மட்டும் அப்படியே உட்டர்லாம்னு இருக்கறனுங்க."

"அதைத்தான் தம்பி முதல்ல பார்க்கணும்" என்றேன். உட்கார வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பழைய 1489 சிசி இன்ஜினின் திருகுவிசை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் அதை 3.8 மடங்காக்குகிறது, பின்னச்சில் உள்ள கிரவுன் பினியன் இன்னொரு 4.5 மடங்காக்குகிறது என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 17.1 மடங்கு. ஆக 1710 நியூட்டன் மீட்டர் பின்னச்சுக்கு வருகிறது. இடம் வலம் இரண்டு ஆக்சில் ராடுக்கும் ஆளுக்கு 855. இப்போது ஸ்விஃப்ட் காரில் வந்த 1.3 லிட்டர் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 190 நியூட்டன் மீட்டர். அதே கியர், அதே கிரவுன் பினியன் என்றால் ஒரு ராடுக்கு 1600-ஐத் தாண்டுகிறது. ராடு அதே ராடு. நாற்பது வருடம் ஓடிய ராடு.

"அப்புறம் எப்படீங்க நெறைய வண்டில ஒண்ணும் ஆகாம ஓடுது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். பழைய ஒல்லி டயர் சட்டென்று வழுக்கிவிடும். வழுக்குகிற டயர் வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் மாதிரி. அது விட்டுக்கொடுப்பதால் உள்ளே உள்ளது தப்பிக்கிறது. இவர்களோ இன்ஜினை மாற்றும்போதே அகலமான டயரையும் போட்டு அந்த ஃபியூஸையும் பிடுங்கிவிடுகிறார்கள். பிறகு கிளட்ச்சைப் படீரென்று விட்டால் பலவீனமான இடம் எதுவோ அது போகும். பல்வரிசை வெட்டியிருக்கும் ராடின் நுனி போகலாம். பினியன் பல் போகலாம்.

இந்த ராடு முறிவது லாரியில் ஒரு விஷயம், காரில் வேறு விஷயம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களிடமோ திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடமோ கேட்டால் சொல்வார்கள்: லாரியில் சக்கரத்தின் ஹப், ஹவுசிங்கின் மேலேயே இரண்டு பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ராடுக்குத் திருகுவது ஒன்றுதான் வேலை. ஜாக்கி போடாமலே போல்ட்டைக் கழற்றி ராடை உருவிவிடலாம். சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் நம் பழைய கார்களில் பெரும்பாலும் ராடுதான் வண்டியின் எடையையும் தாங்குகிறது, சக்கரத்தையும் திருகுகிறது. அது பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து தனியாகப் போய்விடும்.

இதில் இன்னொரு வினையும் உண்டு. அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் பழக்கம். ஸ்பேசர் என்ற வளையத்தை நடுவில் போடுகிறார்கள், அல்லது வெளியே பிதுங்கும் அலாய் வீல் வாங்குகிறார்கள். பேரிங்கிலிருந்து சக்கரம் தள்ளத் தள்ள, கடைசி நுனியில் சுமையைத் தொங்கவிட்ட காவடித் தண்டு மாதிரி ராடு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற வேலையை ஓடுகிற வண்டியிலேயே செய்கிறார்கள்.

அலுவலகத்தில் விபத்து வண்டிகளை ஆய்வாளர் பார்த்து எழுதிய அறிக்கைகள் என் மேஜை வழியாகத்தான் போகும். கடைசி வரி அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமாக விபத்து ஏற்படவில்லை. அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை தட்டச்சு செய்திருப்பேனோ. அப்படி எழுத முடியாமல் போன கோப்புகள் சொற்பம். அதனாலேயே அவை நினைவில் நிற்கின்றன. ஒன்றில் பின் ராடு முறிந்து, சக்கரம் சாலையோரம் நடந்துகொண்டிருந்த ஒருவர் மேல் போய் விழுந்திருந்தது. வண்டியில் இருந்தவருக்கு ஒரு கீறலும் இல்லை. முறிந்த முகத்தின் புகைப்படம் இணைத்திருந்தார்கள். பாதி துருப்பிடித்துப் பழுப்பாக, மீதிப் பாதி பளபளவென்று. பழுப்புப் பாதி எப்போதோ விரிசல் விட்டது, பளபளப்பு அன்றைக்குப் போனது என்று மைத்துனர் விளக்கினார்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். ஓடப்போகும் சாலை எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். டாப் கியரில் இன்ஜினும் தண்டும் சமமாகச் சுழல்கின்றன, டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று கொள்ளுங்கள். பின்னச்சு 4.5-க்கு ஒன்று என்றால் இன்ஜின் 3000 சுற்றில் வண்டி மணிக்கு 76 கிலோமீட்டர் போகும். 3.9-க்கு ஒன்று என்றால் அதே சுற்றில் 88. சேலம் ரோட்டில் போகிறவருக்கு இது ஆனந்தம். ஆனால் ஏற்றத்தில் இழுவை எட்டில் ஒரு பங்கு போல் குறைந்திருக்கும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும், ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பதிலும் அது தெரியும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் நீளமான நேர் ஓட்டத்துக்கு ஒரு கணக்கு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வளைவு நெளிவான தடம். அதற்கு வேறு கணக்கு. டர்போ டீசல் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், அதிகச் சுற்றுக்குப் போகாது. அதற்குப் பழைய பெட்ரோல் இன்ஜினின் பின்னச்சை அப்படியே விட்டால் நாலாவது கியரிலேயே மூச்சு வாங்கும். எதிர்வீட்டுத் தம்பிக்கு உண்மையில் தேவை கீழான விகிதம். அது தெரியாமலே ஒன்றரை லட்சத்துக்கு இன்ஜின் பேசி வைத்திருந்தார்.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்குப் போனால் ஜீப், வேன் அச்சுகள் குவிந்து கிடக்கும். உறுதியானவைதான், ஆனால் காருக்கு அவற்றைப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது உலக்கை மாதிரி குத்தும். மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். போதாக்குறைக்கு அகலம் பொருந்தாது, ஹவுசிங்கை அறுத்து ஒட்டுவார்கள். வெல்டிங் சூட்டில் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். பேரிங் மாற்றி மாற்றிப் போகும்போதுதான் காரணம் தேடுவார்கள். தம்பியின் கான்டசாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அம்பாசிடர், பத்மினி மாதிரி பட்டை ஸ்பிரிங் இல்லை. சுருள் ஸ்பிரிங்கும் பிடித்து நிறுத்தும் கைகளும் வைத்தது. வேறு அச்சைப் போட்டால் அந்தக் கைகள் மாட்டும் இடங்களை எல்லாம் புதிதாக ஒட்ட வேண்டும். அதை விட, அதே ஹவுசிங்கை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மேம்படுத்துவதுதான் புத்தி: நல்ல உலோகத்தில் கடைந்து பதம் ஏற்றிய புது ராடு, புதிய பேரிங், வேண்டிய விகிதத்தில் கிரவுன் பினியன்.

கிரவுன் பினியனைச் சோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் பதப்படுத்திச் சேர்த்துத் தேய்த்துச் சோடி எண் போட்டிருப்பார்கள். ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வாங்கினால் ஒரு மாதத்தில் அழும். பூட்டும்போது பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். மைத்துனர் அதற்காக அரை நாள் செலவழிப்பார். தடம் ஓரத்தில் விழுந்தால் திரும்பக் கழற்றி மெல்லிய தகட்டு வளையம் மாற்றுவார். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளரை, "டீ சாப்டுட்டு வாங்க, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அவர் கட்டிய வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் பின்னாலிருந்து ஒரு முனகலும் வராது. எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான், இந்தப் பல்லுக்கென்று உள்ள 90-ம் நம்பர் எண்ணெய் தவிர வேறெதையும் ஊற்ற விட மாட்டார்.

இப்போது டிஃபரன்ஷியல். பெக்கரின் ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் வழுக்கினால் அது பாட்டுக்குச் சும்மா சுழலும், மற்றதுக்கும் வலு போகாது. வளைவில் வேகமாகப் போகும்போது உள்பக்கச் சக்கரம் லேசாகி இப்படித்தான் வீணாகச் சுழலும். இதைக் கட்டுப்படுத்த விலை கொடுத்து வாங்கும் வழிகள் உண்டு. கிளட்ச் தகடு வைத்த ஒரு வகை. நன்றாகப் பிடிக்கும், தகடு தேயும், தனி எண்ணெய் கேட்கும். சாய்ந்த பல்சக்கரம் வைத்தது இன்னொரு வகை. தேய்மானம் குறைவு, சாலைக்கும் சாது, ஆனால் ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் இருந்தால் கையை விரித்துவிடும். சாலையிலும் ஓட வேண்டும், எப்போதாவது தடத்திலும் ஓட வேண்டும் என்பவருக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு.

காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. உள்ளே உள்ள சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒன்றாக ஒட்டிவிடுவது. தம்பியும் அதைச் சொன்னார். "நாலு பத்த வச்சா முடிஞ்சுதுங்க, இருநூறு ரூவா." வழுக்கி வழுக்கி வேடிக்கை காட்டும் மூடிய மைதானத்தில் அது சரி. சாலையில் அது பெக்கருக்கு முன்னால் போய்விடுவது. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும் என்பதால் வண்டி நேராகப் போகவே பிடிவாதம் பிடிக்கும். காய்ந்த தாரில் டயர் கிறீச்சிடும். அந்த முறுக்கு முழுக்க ராடில் ஏறும். மழை நாளில் திம்பத்து வளைவில் பின்பக்கம் மொத்தமாக ஒரே நேரத்தில் விட்டுவிடும். எதிரே கரும்பு லாரி வந்தால் ஒதுங்க இடம் ஏது?

செய்ய முடியாத ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் சொல்லவில்லை. லட்சுமி மில்ஸ் குடும்பத்து கரிவர்தன் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் பந்தயக் கார் கட்டினார். 1980-களின் கடைசியில் வந்த அவருடைய ஃபார்முலா மாருதியை நினைத்துப் பாருங்கள். மாருதி 800-ல் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக முன்னால் இருக்கும். அந்த 796 சிசி மூட்டையை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின் சக்கரத்தை ஓட்ட வைத்தார். நீளத் தண்டும் இல்லை, கனத்த ஹவுசிங்கும் இல்லை. கையில் கிடைக்கும் மலிவான சாமானை வைத்தே, ஆனால் அச்சிலிருந்து சக்கரம் வரை யோசித்துக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் அந்த வண்டிகளில் ஆரம்பித்து 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார், நாற்பத்தொன்றுதான் வயது. செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், தொழில் பழக்கம் விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்துத் தந்ததற்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இன்னும் கறாராகச் சொன்னது. இன்ஜின் மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கார் ஆர்.சி.யில் இன்ஜின் எண் உண்டு, சேசிஸ் எண் உண்டு, சிசி உண்டு, நிறம்கூட உண்டு. பின்னச்சின் விகிதத்துக்கோ உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்கோ கட்டம் கிடையாது. பதினைந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கக் கொண்டு வரும்போதும் விளக்கு, பிரேக், சேசிஸ் எண் பார்ப்பார்களே தவிர ஹவுசிங்கை யார் திறப்பார்கள்? ஒட்டிய டிஃபரன்ஷியல் எந்தக் காகிதத்திலும் தெரியாது. சாலையோரம் நடந்து போகிறவருக்கும் தெரியாது.

கோயமுத்தூரில் வார்ப்படச் சாலைகளுக்கும் பல்சக்கரம் வெட்டும் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை அங்கே அன்றாட வேலை. பி.எஸ்.ஜி.யிலும் சி.ஐ.டி.யிலும் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடெங்கும் இருந்து கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய கார்களோடு செட்டிபாளையம் வருகிறார்கள். ஓடவிடுவதற்கு முன் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார்கள். (அந்தக் கார்களில் பலவற்றில் பின்னச்சை இழுப்பது சங்கிலிதான். ரெனோ பார்த்தால் என்ன சொல்வாரோ!) மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய கார் கட்டும் உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டணம் கொடுத்துத் தங்கள் ராடுகளைக் கொண்டுவந்து சோதித்துக்கொள்ள ஒரு கல்லூரி கதவைத் திறந்துவிடக் கூடாதா? பந்தய சங்கத்துப் பெரியவர்கள் நினைத்தால் ஒரே கூட்டத்தில் முடிகிற காரியம். இதைப் படிக்கிறவர்களில் பேராசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள். உங்கள் பழைய மாணவர்கள்தானே இப்போது துறைத் தலைவர்கள்.

தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். போன வாரம் இரண்டு ராடையும் உருவி, சிங்காநல்லூரில் ஒரு பட்டறைக்குச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். இடது பக்கத்து ராடில், பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல். இன்ஜின் இன்னும் வந்து சேரவில்லை. புது ராடு கடைய என்ன உலோகம் சொல்லலாம் என்று பட்டறைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.